விம்: எல்லாருக்குமாக இயக்கிய செருகுநிரல், டேப் விசையும் மவுஸும் கெட்டுவிட்டன

கேள்வி (ஆய்வகப் பொறுப்பாளர்):

வணக்கம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 40 கணினிகள், எல்லாம் டெபியன் லினக்ஸ். மாணவர்கள் ஆளுக்கொரு கணக்கில் நுழைகிறார்கள். விடுமுறையில் டெபியனைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். கையோடு, முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உதவுமே என்று, நிரல் எழுதும் விம் உரைத்திருத்தியில் சூப்பர்டேப் செருகுநிரலை (டேப் தட்டினால் சொல்லை நிரப்பித் தரும் கூடுதல் நிரல்) எல்லாருக்குமாக இயக்கினேன்.

இப்போது சி நிரலில் ‘இன்ட்’ என்று எழுதி டேப் தட்டினால் இடைவெளி விழுவதில்லை. வேறு ஏதோ சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. இது எல்லாருக்கும். மவுஸால் வரியைத் தேர்ந்து டெர்மினலுக்கு வெளியே நகலெடுக்கவும் முடியவில்லை. ஆனால் இது பாதிப் பேருக்கு மட்டும். என் கணக்கில் தொடக்கத்திலிருந்தே இந்த மவுஸ் தொல்லை இல்லை. பொது அமைப்புக்கான விம்ஆர்சி.லோக்கல் கோப்பில் மவுஸை அணைத்துப் பார்த்தேன், பயனில்லை. அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

மறுமொழி (சர்வர் நிர்வாகி):

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்று நினைக்கிறேன். தொல்லைப்படும் ஒரு மாணவரின் கணக்கில் விம்மைத் திறந்து, கட்டளை வரியில் ‘வெர்போஸ் செட் மவுஸ்’ என்று எழுதிக் கேள்விக்குறி இட்டுத் தட்டுங்கள். அந்த அமைப்பைக் கடைசியாக மாற்றிய கோப்பு எது என்று விம்மே சொல்லிவிடும். டேப் விசைக்கு ‘வெர்போஸ் ஐமேப்’. அந்த மாணவர்களிடம் சொந்த விம்ஆர்சி கோப்பு (விம் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்:

டேப்புக்கு சூப்பர்டேப் என்று வருகிறது. மவுஸுக்கு டிஃபால்ட்ஸ்.விம் என்று ஒரு கோப்பு! நான் அதைத் தொட்டதே இல்லை. நீங்கள் கேட்டது சரிதான்: மவுஸ் தொல்லை உள்ள யாரிடமும் சொந்த விம்ஆர்சி இல்லை.

சர்வர் நிர்வாகி:

அப்படியென்றால் மவுஸ் விஷயத்தில் செருகுநிரல் குற்றமற்றது. 2016இல் வந்த விம் 8 முதல், சொந்த விம்ஆர்சி இல்லாதவர்களுக்கு, விம் கூடவே வரும் இயல்பு அமைப்புகள் கொண்ட டிஃபால்ட்ஸ்.விம் தானாக ஏற்றப்படுகிறது. அது பொது அமைப்புக் கோப்புகளுக்குப் பிறகு வருவதால், நீங்கள் எழுதியதை அழித்துவிட்டு மவுஸைத் தன் பிடியில் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கோளாறில் நானும் ஒரு நாள் முழுக்கத் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

விம்ஆர்சி.லோக்கலில் மூன்று வரிகள், இதே வரிசையில்: முதலில் டிஃபால்ட்ஸ்.விம்மை சோர்ஸ் கட்டளையால் நீங்களே ஏற்றுங்கள். அடுத்து ‘ஸ்கிப் டிஃபால்ட்ஸ் விம்’ என்ற பொது மாறிக்கு 1 கொடுங்கள், அது மறுபடி ஏறாது. கடைசியாக மவுஸ் அமைப்பை வெறுமையாக்குங்கள். அதுவரை மாணவர்கள் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு தேர்ந்தால் பெரும்பாலான டெர்மினல்களில் நகலெடுக்கலாம்.

சூப்பர்டேப்பை எப்படி இயக்கினீர்கள்? செருகுநிரல்களை இயக்கவும் நிறுத்தவும் உதவும் விம் ஆடான்ஸ் கட்டளையில், எல்லாருக்குமாக என்று பொருள்படும் டபிள்யூ விருப்பம் கொடுத்தா? அதே விருப்பத்தோடு ரிமூவ் கொடுங்கள். நிரல் கணினியிலேயே இருக்கும், இயக்கம் மட்டும் நின்றுவிடும். வேண்டிய மாணவர் டபிள்யூ இல்லாமல் தன் கணக்கில் இன்ஸ்டால் கொடுத்துக்கொள்ளலாம்.

மறுமொழி (ஆசிரியர்):

எனக்கு உடன்பாடில்லை. முதலாண்டு மாணவருக்கு அப்படி ஒரு செருகுநிரல் இருப்பதே தெரியாது. நாம் இயக்கி வைத்தால்தான் பயன்படுத்துவார். வேண்டாதவர் தன் கணக்கில் டிசேபிள் கொடுத்துக்கொள்ளட்டும்.

சர்வர் நிர்வாகி:

ஐயா, இருப்பதே தெரியாத ஒன்றை அவர் எப்படி அணைப்பார்? டேப் விசை கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். விம் கூடவே வரும் மேட்ச்இட் செருகுநிரலைப் பாருங்கள், சதவீதக்குறி விசையால் இணைச் சொல்லுக்குத் தாவ உதவுவது. மிகப் பயனுள்ளது. ஆனாலும் சதவீதக்குறி விசையின் பழைய நடத்தையை மாற்றுகிறது என்பதால் அதை ‘ஆப்ட்’ கோப்புறையில் வைத்திருக்கிறார்கள். பேக்ஆட் கட்டளை கொடுத்தவருக்கு மட்டுமே ஏறும். ஒரு விசையின் பொருளை மாற்றும் எதையும் பொதுக் கணினியில் கேட்காமல் இயக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அறிமுகம் செய்ய வகுப்பில் ஐந்து நிமிடம் போதும்.

கேட்டவர்:

இரண்டும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. உங்கள் மூன்று வரிகளை எழுதும் முன் ஒரு தவறு செய்தேன், மற்றவர்களுக்கு உதவும்: புதிய கணக்குகளுக்கென்று ஸ்கெல் கோப்புறையில் (இதிலுள்ளவை ஒவ்வொரு புதிய கணக்குக்கும் நகலாகும்) சிறிய விம்ஆர்சி ஒன்றை வைத்தேன். உள்ளே டிஃபால்ட்ஸ்.விம்மை ஏற்றும் வரி இருந்தது. சொந்தக் கோப்பு கடைசியில் படிக்கப்படுவதால் அந்தக் கணக்குகளிலும் மவுஸ் தொல்லை வந்தது. அந்த வரியை எடுத்ததும் சரியானது. ஆசிரியரின் கவலைக்காக, சூப்பர்டேப்பை இயக்கும் முறையை அதே கோப்பில் குறிப்பு வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.