திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எஃப்1 கார் ரேஸ்: எந்த டிக்கெட் எடுக்கலாம்?

மன்னார்குடி:
குறுவை அறுப்பு முடிஞ்சதும் அக்டோபர்ல ரேஸுக்குக் கிளம்புறோம், ரெண்டு பேர். திருச்சியிலிருந்து நேர் விமானம். நின்னு பாக்குற வாக்கபௌட் டிக்கெட் போதுமா, உக்காந்து பாக்குற கிராண்ட்ஸ்டாண்டா?

கும்பகோணம்:
தம்பி, சீட்டைவிட ஸோனை, அதாவது ரேஸ் வளாகத்துல எந்தப் பகுதிங்கிறதைப் பாருங்க. ஸோன் 4 வாக்கபௌட்னா பாடாங் மைதானச் சுத்துவட்டாரம்தான். கார்களுக்கு டயர் மாத்துற பிட் இருக்கற ஸோன் 1-க்குள்ள விடமாட்டாங்க. நிக்கிற மேடையில முன்வரிசை சீக்கிரமே நிரம்பிடும். பின்னால நின்னா முன்னால இருக்கறவங்க தலைக்கு நடுவுல ஹெல்மெட் நிறம் ஒரு நொடி மின்னி மறையும், அவ்வளவுதான். 62 சுற்று, ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம். முழங்கால் வலி உள்ளவங்க இருந்தா யோசிக்காம கிராண்ட்ஸ்டாண்ட் எடுங்க.

தஞ்சாவூர்:
முதல்ல விசா, அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியா. சிங்கப்பூருக்குள்ள நுழையறதுக்கான எஸ்ஜி அரைவல் கார்டுங்கிற ஆன்லைன் படிவத்தை, இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள அரசுத் தளத்துலயே நிரப்புங்க, இலவசம்; காசு கேக்குற தளத்துல பாஸ்போர்ட் எண்ணைத் தராதீங்க. மழைக்குக் குடை வேணாம், பின்னால இருக்கறவருக்கு மறைக்கும். ரெயின்கோட், காதடைப்பான் அவசியம்.

மன்னார்குடி:
ஞாயித்துக்கிழமை ராத்திரியே திரும்பலாமாண்ணே?

கும்பகோணம்:
வேணாம். ரேஸே அந்த ஊர் நேரம் ராத்திரி 8 மணிக்குத்தான். பக்கத்து ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்க, டாக்ஸி கிட்ட வராது. சிட்டி ஹால் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் வரைக்கும் கூட்டத்தோட நடக்கணும். திங்கட்கிழமை விமானமே போடுங்க.