முப்பத்தொரு சொறி

வரம்போரம், கிளிநொச்சி:

சொப்ட்வெயர் வேலையில் அவ்வளவு ஸ்ட்ரெஸ் இருக்கிறதா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. 2022 மார்ச்சில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்ததைச் சொல்கிறேன்.

2020 தொடக்கத்தில் கொழும்பில் ஒரு கொம்பனியில் சேர்ந்தேன். வெள்ளவத்தையில் பங்குபோட்ட அறை. இரண்டாம் மாத வாடகை கட்டிய கையோடு கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. முதல் சம்பளம் 65,000 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 30,000தான், மிச்சம் எல்லாம் அலவன்ஸ். ஓய்வுகாலச் சேமிப்பான ஈபிஎஃப்புக்கு என்னுடைய 8 வீதமும் அவர்களுடைய 12 வீதமும் அந்த 30,000இல் மட்டும் கணக்குப் பார்த்தார்கள். கடிதத்தில் கையெழுத்து வைக்கும்போது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள், தங்கச்சி. எனக்குச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை.

உயர்தரம் வரை தமிழில் படித்தவன் நான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை. கணக்கு விளங்கும், கேள்வி கேட்க வாய் வராது. மகாபொல உதவிப்பணம் 5,000 ரூபாவில் மாதம் ஓட்டி, கோட் எழுதப் பழகிவிட்டேன். ஆனால் மீட்டிங் கோலில் நாலு பேருக்கு முன்னால் "இது சரிவராது" என்று ஆங்கிலத்தில் சொல்ல இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். இரணைமடுத் தண்ணீர் பாயும் நாலு ஏக்கர் வயல் எங்களுக்கு. அந்தக் காலபோகத்தில் வழக்கமாக வருவதில் பாதிகூட வரவில்லை. உழவுக்கூலி, என் சொந்தத் தங்கச்சியின் டியூசன், அம்மாவின் கிழமைக் கடன் எல்லாம் என் சம்பளத்தின் தலையில். 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்தில் 360க்குப் போனது. கொம்பனி டொலரில் உழைத்தது, எங்களுக்கு ரூபாவில் தந்தது. கம்பஸில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவனுக்கோ டொலர்ச் சம்பளம். அவனோடு கதைப்பதையே குறைத்துக்கொண்டேன். பொறாமைதான், வேறென்ன.

அப்பா அடிக்கடி கேட்பார்: "ஃபானுக்குக் கீழ கதிரையில இருந்து செய்யிற வேலையில என்னடா களைப்பு?" குத்திக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. வெயிலில் நின்றுவிட்டு வந்தவருக்கு நான் என்ன சொல்ல?

மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அன்று ரிலீஸ், அதாவது புது வெர்சனை ஏற்றும் நாள்; அமெரிக்காக்காரரும் கோலில் இருப்பார்கள். அமெரிக்காவில் காலை, எங்களுக்கு இரவு எட்டரை. லப்டொப் ஒரு மணித்தியாலம் தாங்கும், ரவுட்டர் கரண்ட் போனதும் செத்துவிடும். நான் பதறுவதைப் பார்த்துவிட்டு அப்பா போய் ட்ரக்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அண்ணையிடம் இன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கிவந்தார். அதன் ஒரு கிளிப் தேய்ந்திருந்தது, கழன்று கழன்று விழுந்தது. அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் நுளம்பு அடித்தபடி தரையில் குந்திவிட்டார்.

புது வெர்சன் ஏறியதும் பணம் கட்டும் பக்கம் விழுந்தது. பிழை என்னுடையதுதான். டேட்டாபேஸில் ஒரு பெயரை மாற்றியிருந்தேன். பழைய பெயரைத் தேடும் இன்னோர் இடம் இருந்ததைக் கவனிக்கவில்லை. பழையதுக்குத் திரும்பி, திருத்தி, மறுபடி ஏற்றி முடிக்கப் பன்னிரண்டே முக்கால்.

அப்பா கிளிப்பை விட்டு, விரலை நீவிக்கொண்டே கேட்டார்: "இங்கிலீசு எனக்கு விளங்கேல்லை. ஆனா முப்பத்தொரு தரம் சொறி சொன்னனீ. அவங்கள் ஒருக்காவும் சொல்லேல்லை. என்ன நடந்தது?"

களைப்பைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை.

இப்போது வேறு கொம்பனி, சம்பளம் பரவாயில்லை. 2023 ஜனவரியில் மாதம் ஓர் இலட்சத்துக்கு மேலே போனால் வரி, உச்சத்தில் 36 வீதம் என்று வந்தபோது கூட வேலை செய்த பலர் கனடா, அவுஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். 2025 ஏப்ரலில் அந்த எல்லையை ஒன்றரை இலட்சமாக உயர்த்தினார்கள். போனவர்களில் எனக்குத் தெரிந்து ஒருவரும் திரும்பவில்லை.

வவுனியாக்காரி:

தம்பி, உங்களுக்குக் கம்பஸாவது கிடைத்தது. பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 வீத ஒதுக்கீடு இருக்கிறதே, அதிலும் உயர்தரத்தில் நான் எடுத்த இசட் புள்ளி எட்டவில்லை. போன் கடையில் நின்றபடி கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பிஐடி, அதாவது தகவல் தொழில்நுட்பப் பட்டம், படித்தேன். பரீட்சைக்கு இரவு பஸ்ஸில் போய், பஸ் நிலையத்தில் முகம் கழுவிவிட்டு எழுதியிருக்கிறேன். வேலையில் சேர்ந்தபோது அதே மேசை, அதே வேலை, ஆனால் பொறியியல் படித்தவருக்கு 15,000 ரூபா கூட. இரண்டு வருடம் கழித்து வேறு இடத்துக்குப் போனபோது சான்றிதழை ஒருவரும் கேட்கவில்லை, செய்த வேலையைத்தான் கேட்டார்கள்.

எனக்குப் பெரிய ஸ்ட்ரெஸ் பக்கத்து வீட்டு மாமிதான். "இரவு பத்து மணிக்கு ஆம்பிளையளோட இங்கிலீசில சிரிச்சுக் கதைக்கிறாள்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டா. அது வேலை எதுவரை வந்தது என்று நாளாந்தம் சொல்லும் ஸ்டாண்டப் மீட்டிங் என்று அவவுக்கு எப்படி விளக்க?

சரி, அந்தப் பேட்டரிக்கு என்ன நடந்தது?

வரம்போரம்:

அக்கா, விடிய ட்ரக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. நானும் அப்பாவும் இன்வெர்ட்டர் அண்ணையும் ஒழுங்கை முழுக்கத் தள்ளினோம். தள்ளும்போது அப்பா சொன்னார், "சொறி தம்பி."