ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி: எங்கள் வீடுகளில் நடந்தது

குலசேகரத்திலிருந்து:
மாமா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒருநாள் விடியுமுன்னே தோட்டத்திலிருந்து பாதியில் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார், நெஞ்சில் பாரம், சட்டையைப் பிழியலாம் போல வியர்வை. அத்தை "வாயுவாக்கும், ஒண்ணும் செய்யாது" என்று ஓமத்திரவம் எடுக்கப் போக, நர்ஸாக இருக்கிற எங்கள் மைனி அதைக் கையில் வாங்கி வைத்துவிட்டு வண்டியைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததும் ஹார்ட் அட்டாக், இதயக் குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, அதைக் கரைக்க ஊசி போடணும் என்றார்கள், ஆஸ்பிரினைச் சவைக்கச் சொன்னார்கள். அப்புறம் டாக்டர் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார்: முன்னாடி பக்கவாதம் வந்திருக்கா, மூளையில் ரத்தம் கசிந்திருக்கா, சமீபத்தில் ஆபரேஷன் உண்டா, தலையில் அடிபட்டதா, மலம் கறுப்பாகப் போகிறதா. அத்தைக்குக் கோபம், "மனுசன் கெடந்து துடிக்காரு, இவரு கதை கேட்டுட்டு நிக்காரு." ஆனால் அந்தக் கேள்விகள் இல்லாமல் ஊசியைத் தொடவே கூடாது, ஏனென்றால் இந்த மருந்துக்கு இதயக் குழாய், மூளைக் குழாய் என்ற பேதம் கிடையாது, எங்கே ரத்தம் உறைந்து அடைத்திருந்தாலும் கரைத்துவிடும். நூற்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

போட்டது டெனெக்டெப்ளேஸ். எடை பார்த்து அளவு, சில நொடிகளில் ஒரே தள்ளு, அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி ஈசிஜி எடுத்தார்கள், அட்டாக்கில் மேலே ஏறியிருந்த கோடு நன்றாக இறங்கியிருந்தது. நடுவில் மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடியதைப் பார்த்து நாங்கள் அலற, அடைப்பு திறக்கும்போது இப்படியும் வரும் என்றார் மைனி. மறுநாள் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாயில் அடைப்பைப் படம் பிடித்துப் பார்ப்பது.

குளச்சலிலிருந்து:
அப்பாவுக்குப் போட்டது பழைய ஸ்ட்ரெப்டோகைனேஸ், 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரம் டிரிப்பில் ஏறியது. பாதியில் பிரஷர் சரிந்து, டிரிப்பை நிறுத்தி, காலைத் தூக்கி வைத்து, மறுபடி மெதுவாக ஏற்றினார்கள். அது பாக்டீரியாவிலிருந்து எடுக்கிற மருந்து, உடம்பு அதற்கு எதிர்ப்பு உண்டாக்கிக்கொள்ளுமாம், அதனால் இன்னொரு தடவை போடக்கூடாது என்று சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இப்போது ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது.

தக்கலையிலிருந்து:
எங்கள் அம்மாவுக்குப் போடவே இல்லை. அட்டாக் என்று சொல்லிவிட்டு ஊசி போடாமல் இருக்கிறார்களே என்று அண்ணன் சண்டைக்கே போய்விட்டான். ஈசிஜியில் எஸ்டி என்கிற கோடு மேலே ஏறியிருந்தால்தான் இந்த ஊசியாம், அம்மாவுக்கு வந்தது அந்தக் கோடு ஏறாத வகை, அதில் இது பலன் தராது, ரத்தக்கசிவு ஆபத்துதான் மிச்சம்.

குலசேகரத்திலிருந்து மறுபடி:
ஊசி போடாமல் நேரே திருவனந்தபுரம் கொண்டுபோனால் என்ன என்று மார்த்தாண்டத்தில் இருப்பவர் கேட்டதற்கு. நேரே அங்கே போய் ஆஞ்சியோபிளாஸ்டி (குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பைத் திறப்பது) செய்வது நல்லதுதான், ஈசிஜியில் தெரிந்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட முடியுமானால். களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை நெரிசலில் சிக்கி, அங்கே போய் அட்மிஷன் போட்டு, இதெல்லாம் அந்த நேரத்துக்குள் நடக்குமா என்று டாக்டரிடமே கேளுங்கள். நடக்காது என்றால் ஊசியைப் போட்டுவிட்டு ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள், 12 மணி நேரம் வரை போடலாம் என்றாலும் முதல் 2, 3 மணி நேரத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். சுகாதார நிலையத்தில் 'இதயம் காப்போம்' திட்டத்தில் அட்டாக்குக்கு முதலுதவியாகக் கொடுக்கிற 14 மாத்திரையை இந்த ஊசி என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு. ஊசி போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.