குடும்பக் குழுவில் ஒரு வைஃபை பஞ்சாயத்து

[8:12] சுதா அத்தை: கார்த்தி, ராத்திரி 10 மணிக்கு மேல பசங்க டேப்புக்கு மட்டும் நெட் நிக்கணும். பெரியவங்க போனுக்கு வரணும். ரவுட்டர்ல வழி இருக்காப்பா?

[8:15] கார்த்தி: இருக்கு அத்தை. பிரவுசர்ல 192.168.1.1 அடிங்க, சில பெட்டிக்கு 192.168.0.1. அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல யூசர்நேம், பாஸ்வேர்டு இருக்கும். உள்ள பேரன்டல் கன்ட்ரோல்னு ஒண்ணு வரும். ஆனா அதுல டேப்பை மட்டும் பிளாக் பண்ணிட்டு நிம்மதியா இருந்துடாதீங்க.

[8:15] சுதா அத்தை: ஏன்?

[8:19] கார்த்தி: ரவுட்டர் எந்த போன்னு கண்டுபிடிக்கறது மேக் அட்ரஸை வச்சுதான், அதாவது ஒவ்வொரு போனுக்கும் டேப்புக்கும் இருக்கற அடையாள நம்பர். ஆண்ட்ராய்டு 10ல இருந்து போன் அசல் மேக்கைக் காட்டாம ஒரு போலி மேக்கைக் காட்டும். வைஃபை செட்டிங்ல பிரைவசிக்குள்ள போய் அதை மாத்திட்டா ரவுட்டருக்கு அது புது ஆளு, தடை போச்சு. ஆறாங்கிளாஸ் பசங்களுக்கே இது அத்துப்படி.

[8:21] கார்த்தி: அதனால கெஸ்ட் வைஃபை ஆன் பண்ணுங்க. தனிப் பேரு, தனி பாஸ்வேர்டு. பசங்க டேப்பு அதுல மட்டும். ஷெட்யூல் அதுக்கு மட்டும். முடிச்சதும் மெயின் பாஸ்வேர்டை மாத்தியே ஆகணும். பழசு டேப்புல சேவ் ஆகியிருக்கும்ல.

[8:24] ராஜு சித்தப்பா: சில பெட்டியில 10 மணின்னு போட்டா விடியக்காலம் 3.30க்கு நிக்குதே, அது என்னடா கூத்து?

[8:26] கார்த்தி: டைம் ஜோன் ஜிஎம்டியில கிடக்கும் சித்தப்பா. +5:30க்கு மாத்துங்க. என்டிபியும் ஆன்ல இருக்கணும், அதுதான் நெட்ல இருந்து சரியான நேரத்தை எடுக்கறது. இல்லேன்னா கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் ஏதோ பழைய தேதிக்குப் போயிடும், ஷெட்யூல் கண்டபடி ஓடும்.

[8:27] ராஜு சித்தப்பா: அக்கா, அப்பா போனுக்கு லாக்கே கிடையாது, ஞாபகம் இருக்கட்டும் 😄

[8:29] கார்த்தி: அதுதான் பெரிய ஓட்டை. தாத்தா போன்ல வைஃபை பேரைத் தொட்டு ஷேர் அழுத்தினா கியூஆர் வரும், நிறைய போன்ல அதுக்குக் கீழேயே பாஸ்வேர்டும் இருக்கும். முதல்ல அதுக்கு ஒரு பின் போடுங்க.

[8:30] சுதா அத்தை: பெரியவன் போன்ல சிம் இருக்கே?

[8:33] கார்த்தி: ரவுட்டர் அங்க ஒண்ணும் பண்ணாது. பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்டுக்கும் அதே கதை. கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப் போடுங்க. அது போனையே பூட்டும், நெட் எங்க இருந்து வந்தா என்ன. டவுன்டைம்ல, அதாவது பூட்டற நேரத்துல, ராத்திரி 10 - காலை 6ன்னு போடுங்க. அவனுக்கு வர்ற போன் கால் அப்பவும் எடுக்கலாம், பயப்படாதீங்க.

[8:41] பிரியா மதினி: விஜி, எங்க சின்னவளுக்கு ஒண்ணரை வயசு. போன் காட்டலேன்னா சாப்பிட வாயே திறக்க மாட்டேங்கறா.

[8:46] விஜி அக்கா: மதினி, உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது: 2 வயசு முடியற வரைக்கும் திரையே வேண்டாம், 2ல இருந்து 4 வரைக்கும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம். பாட்டியோட வீடியோ கால் பேசறதை இதுல சேர்க்காதீங்க, அதுல எதிர்ல ஆள் பதில் பேசுறாங்க.
சாப்பாட்டுல சிக்கல் என்னன்னா, கண்ணு திரையில இருந்தா வயிறு நிறைஞ்சதே அவளுக்குத் தெரியாது. நாமளும் ஊட்டிக்கிட்டே போவோம். சாப்பிடும்போது போன் காட்டறதை ஒரேயடியா நிறுத்துங்க. ரெண்டு மூணு நாள் அழுவா, கொஞ்சமாத்தான் தின்பா. நடுவுல ஒரு வேளை இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்தா, அழுதா கிடைக்கும்னு கத்துப்பா. அப்புறம் இன்னும் கஷ்டம். இட்லியைப் பிச்சு அவ தட்டுலயே வைங்க, தானா எடுத்துத் தின்னட்டும், சிந்தினா சிந்தட்டும். 20 - 30 நிமிஷத்துல தட்டை எடுத்துடுங்க.

[8:48] பிரியா மதினி: 🙏 அவங்க அப்பா சாப்பிடும்போது போன் பாக்கறாரே?

[8:48] விஜி அக்கா: அவர் போனும் ஃப்ரிட்ஜ் மேல 😌

[8:52] சுதா அத்தை: கார்த்தி, டிவியை எதுல போட?

[8:54] கார்த்தி: டிவியில யூடியூப் ஓடுதுல்ல, அப்ப கெஸ்ட்லதான். ஆனா கெஸ்ட்ல இருக்கற டிவிக்கு உங்க போன்ல இருந்து காஸ்ட் போகாது, அதாவது போன்ல ஓடறதை டிவிக்கு அனுப்ப முடியாது, ரெண்டையும் ரவுட்டர் பிரிச்சு வைக்கும். ஆப்ல பாக்கற உங்க சீரியலும் 10 மணிக்கு நிக்கும்.

[8:55] சுதா அத்தை: 10.30ன்னு போடுறேன்.