பவர் எலக்ட்ரானிக்ஸ் / மெஷின்ஸ் லேப்: உங்களை இன்னும் விடாத ஒரு தருணம்?

கேட்பல்ஸ்:
டிசி லிங்க் (ஏசியை டிசியாக்கி கெபாசிட்டர்ல தேக்கி வைக்கிற இடம்) பத்தி இங்க ரொம்ப விளக்க வேண்டியதில்ல. 415 வோல்ட் மூணு பேஸ், ரெக்டிஃபை பண்ணா 585 பக்கம். ரெண்டு எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் சீரிஸ்ல. பிஎச்டி பண்ற அக்கா சப்ளைய எடுத்து, ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல பூஜ்யம் காட்டினாங்க. "மீட்டரை எடுத்துடாத, பார்த்துக்கிட்டே இரு"ன்னாங்க. 3... 8... 15... முப்பதைத் தாண்டிடுச்சு. பிளக் என் கையில இருக்கு! டிஸ்சார்ஜ் பண்ணின பிறகும் கெபாசிட்டருக்குள்ள தங்கின சார்ஜ் மெல்ல வெளிய வர்றது; டைஎலக்ட்ரிக் அப்சார்ப்ஷன்னு பரீட்சைக்குப் படிச்ச ஒரு வரி. அந்த எண் தானா ஏறினது இன்னும் கண்ல நிக்குது.

டெட்டைம்:
பிளீடர், அதாவது சப்ளை போனதும் கெபாசிட்டரைக் காலி பண்ற ரெசிஸ்டர், போடாத கதை இது. ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் குறுக்கே 47 கிலோ ஓம் போடுங்க, 5 வாட்டுக்குக் குறையாம. 292 வோல்ட்டுக்கு 1.8 வாட் சூடு வரும், கால் வாட் ரெசிஸ்டர்னா கருகிடும். வோல்டேஜைச் சரிபாதியா பிரிக்கிற வேலையும் அதுவே பார்த்துக்கும். ஆனா 2200 மைக்ரோ ஃபேரட்னா டைம் கான்ஸ்டன்ட் (வோல்டேஜ் எவ்வளவு மெதுவா இறங்கும்னு சொல்ற அளவு) 103 செகண்ட், 50 வோல்ட்டுக்குக் கீழ இறங்க நாலு நிமிஷத்துக்கு மேல ஆகும். எல்இடி அணைஞ்சிடுச்சுன்னு கையை விடாதீங்க. ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ற வீரர்கள் கண்ணாடியாவது போட்டுக்கங்க.
என் கதை? ஐஜிபிடி (பெரிய கரன்ட்டை வேகமா ஆன் ஆஃப் பண்ற செமிகண்டக்டர் சுவிட்ச்) வெடிச்சு மூடி சீலிங்ல அடிச்சுச்சு. அவ்வளவுதான்.

கேட்பல்ஸ்:
பிளீடர் இருந்துச்சுங்க. கெபாசிட்டரைப் போர்டுல இருந்து கழட்டிட்டோம், பிளீடர் போர்டோட போயிடுச்சு.

பழைய பிரஷ்:
எங்க காலத்து ஆபத்துக்குச் சத்தம் உண்டு. டிசி ஷன்ட் மோட்டார், 1500 ஆர்பிஎம், ஃபோர் பாயின்ட் ஸ்டார்ட்டர் (மோட்டாரை மெல்ல கிளப்புற கைப்பிடிப் பெட்டி), லோடு இல்ல. ஃபீல்டு, அதாவது மோட்டாருக்குள்ள காந்தம் உண்டாக்குற சுருள், அதோட ரியோஸ்டாட் டெர்மினல் லூஸாகி ஒயர் கழண்டுச்சு. ஃபீல்டு போனா லோடு இல்லாத மோட்டார் வேகம் எகிறிடும். முதல்ல தரை அதிர்ந்துச்சு. அப்புறம் ஒரு ஊளை, மேல மேல போகுது. டேக்கோமீட்டர் முள் கடைசியில போய் முட்டிடுச்சு. பிரஷ் உரசுற செப்பு உருளை, கம்யூட்டேட்டர், அதைச் சுத்தி நீலப் பொறி வளையம். நாங்க எல்லாரும் அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறோம். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் மட்டும் மோட்டார் பக்கம் திரும்பவே இல்ல, நேரா ஓடி மெயின் சுவிட்சை இழுத்தாரு. இப்பவும் மிக்ஸி ஓவரா சுத்தினா வயித்துல ஒரு மாதிரி ஆகுது.

ஸ்டார்டெல்டா:
நம்ப முடியல சார். ஃபீல்டு கட்டானா, ஸ்டார்ட்டர் கைப்பிடியைக் காந்தமா பிடிச்சு வைக்கிற நோ வோல்ட் காயில் அதை விட்டுடுமே, மோட்டார் நின்னுடுமே. இது பால பாடம்.

பழைய பிரஷ்:
தம்பி, திரும்பப் படிங்க. ஃபோர் பாயின்ட். த்ரீ பாயின்ட்லதான் காயில் ஃபீல்டோட சீரிஸ்ல இருக்கும். வேகத்தை ஏத்த ஃபீல்டு கரன்ட்டைக் குறைச்சா கைப்பிடி விழுந்துடுதுன்னு, ஃபோர் பாயின்ட்ல காயிலைத் தனியா சப்ளைக்குக் கொடுத்தாங்க. அதோட இந்தக் காவலும் போச்சு.

சுருள்கம்பி:
டெட்டைம், உங்க ஐஜிபிடி கதையைத்தான் கேட்டோம், கணக்கை இல்ல.
எங்க லேப்ல பார்ட்னர் ஆஸிலோஸ்கோப் புரோபோட கிரவுண்டு கிளிப்பை டிசி லிங்க் நெகட்டிவ்ல மாட்டிட்டாரு. அந்த கிளிப் ஸ்கோப் பிளக் வழியா எர்த்தோட சேர்ந்தது; நெகட்டிவ்னா எர்த்னு நினைப்பு. பச்சையா ஒரு வெளிச்சம், கிளிப்போட பல்லையே காணோம். அது கூடப் பரவாயில்ல. மறுநாள் பார்த்தா ஸ்கோப் பிளக்ல எர்த் பின்னை யாரோ வெட்டி வச்சிருக்காங்க! அடுத்தவன் கிளிப் மாட்டினா ஸ்கோப் பாடியே 300 வோல்ட் பக்கம் நிக்கும். டிஃபரென்ஷியல் புரோப் (எர்த்தோட சேராம ரெண்டு புள்ளிக்கு நடுவுல வோல்டேஜ் அளக்கிறது) கேட்டதுக்கு, அடுத்த ஃபண்டு வரட்டும்னாரு கைடு.

டெட்டைம்:
ஃபண்டு வர்ற வரைக்கும் வோல்டேஜை நூறுல ஒண்ணாக் குறைக்கிற 100 எக்ஸ் புரோப் ரெண்டு எடுத்து, கிரவுண்டு கிளிப்பை எங்கயும் மாட்டாம, ஸ்கோப்போட மேத் வசதியில சேனல் ஒண்ணுல இருந்து ரெண்டைக் கழிச்சுப் பாருங்க. முதல்ல அந்த பிளக்கை மாத்துங்க.