கூட வர ஆள் இல்லாத முதியவர்கள்

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் வசிக்கும் தமிழ் முதியவர்களை அரசு கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு அடிக்கடி எனக்கு அமைகிறது. நம் முதியோர் சிகிச்சையை ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்ற கேள்விக்கு, அருகிலிருந்து பார்த்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; மலேசிய இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நோய் இவ்வளவு மிகுந்த சமூகத்தில், தவணை தவறாமல் மருத்துவரைப் பார்ப்பவர்களும் மிகுதியாக இருந்திருக்க வேண்டும். நான் காண்பது அப்படி இல்லை. கட்டணத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. அரசு கிளினிக்கில் அது ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), அறுபது வயதைக் கடந்த குடிமக்களுக்கு அதுவும் கிடையாது. துணைக்கு வரும் மகன் இழக்கும் ஒரு நாள் சம்பளம்தான் குடும்பத்தை யோசிக்க வைக்கிறது.

எங்கள் மாடியில் ஒரு பாட்டிக்குக் கால் பெருவிரலின் அடியில் புண் வந்திருந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசி, அதே ரப்பர் செருப்போடு நடந்துகொண்டிருந்தார். "வலிச்சாத்தானேம்மா டாக்டர்கிட்ட போகணும்?" என்று கேட்டார். நீரிழிவு நரம்பைப் பாதித்துவிட்டால் புண் வலிக்காமலே இருக்கலாம் என்பதை அதுவரை யாரும் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. சந்தையில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் பேசுவார். ஆனால் கால் மரத்துப்போவதை அதில் சொல்லத் தெரியாததால், தாதி அக்கறையோடு கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டினார். நான் இடையில் பேசியிராவிட்டால், குறையேதும் இல்லை என்றே பதிவாகியிருக்கும்.

தோட்டத்தில் (எஸ்டேட்டில்) இருந்தவரை, டிரசர் எனப்படும் தோட்ட மருத்துவ உதவியாளரின் மருந்தகம், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, அவரும் வீட்டு நிலைமையை அறிந்தவர் என்று பாட்டி சொன்னார். அப்படி வாழ்ந்தவர்கள் தோட்டத்தை விட்டு நகரத்து மாடிகளுக்கு வந்த பிறகு, எண் வாங்கிக் காத்திருந்து தாமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது; அதற்குத் தயங்குவதை அலட்சியம் என்று பேசுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ள பி40 பிரிவினருக்கு (குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு) அரசின் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. தொடர் மருந்துகளை அஞ்சலில் பெறும் வசதி இருக்கிறதா என்று மருந்தகத்தில் கேளுங்கள். பாட்டிக்கு இப்போது மாத்திரை வீட்டிற்கே வருகிறது; மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு மட்டும் மகன் விடுப்பு எடுக்கிறார். உங்கள் பகுதியில் முதியவர்களுக்கு மொழித் துணையாகச் செல்பவர்கள் இருந்தால், அதை எவ்வாறு ஏற்பாடு செய்தீர்கள் என்று எழுதுங்கள்.