லேண்ட்மாஸ்டர் டயர்: சேற்றுக்கும் காபட் ரோட்டுக்கும் ஒரே சோடி போதுமா?

வட்டைக்காரன் (கொக்கட்டிச்சோலை):

வணக்கம். டயர் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது 12 குதிரைவலு பழைய லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு, அதாவது இரண்டு சக்கர, கை உழவு மெசின்), 6.00-12 டயர். பெரும்போகத்துக்கு (மாரி நெல் வேளாண்மைக்கு) எங்கள் நாலு ஏக்கரும் மச்சானின் மூன்று ஏக்கரும் இதால்தான் உழவு. அறுவடை வெட்டு முடிந்தால் இழுவைப் பெட்டியைப் பின்னால் கொழுவிக்கொண்டு கல், மண், விறகு, நெல் மூட்டை, எது கிடைத்தாலும் ஏற்றி மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிப் பக்கம் ஓட்டம். முந்தி பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையில்) ஏற்றிக் கடக்கிற காலத்தில் இவ்வளவு ஓட்டம் இல்லை, 2014இல் பாலம் திறந்த பிறகு மெசின் வயலில் நிற்பதைவிட ரோட்டில் நிற்பதுதான் கூட.

இப்போது டயர் இரண்டும் நடுவில் மொட்டை. ஓரத்துப் பல் மட்டும் கொஞ்சம் மிச்சம். போன மாரியில் வக்கடைக்கு (வரம்பில் தண்ணீர் பாயவிடுகிற வெட்டுக்கு) பக்கத்தில் மெசின் சேற்றில் இறங்கினது, சில்லு சுத்துது சுத்துது, மெசின் இடத்தை விட்டு அசையவில்லை, வைக்கோலைப் போட்டு, பலகையைப் போட்டு, கடைசியில் நாலு பேர் சேற்றில் குளித்துத்தான் எடுத்தோம்.

கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று பல் உயரமாக, தூரத்தூர இருக்கிற வயல் டயர். மற்றது பல் பதிவாக, நெருக்கமாக இருக்கிறது, லோட் அடிக்க அதுதான் நல்லதாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை எடுப்பது? இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா?

சில்லுக்கடை (சம்மாந்துறை):

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன், ரோட்டு ஓட்டத்துக்குக் காற்று எவ்வளவு அடிக்கிறீர்? நடுப்பல் மட்டும் மொட்டையாகி ஓரம் மிஞ்சியிருக்கிறது என்றால் காற்று கூட என்று அர்த்தம். டயர் வீங்கி நடுவால் மட்டும் ரோட்டைத் தொடுகிறது. லோட் ஏற்றினால் டயர் நசியும் என்ற பயத்தில் ஆட்டோவுக்கு அடிக்கிற மாதிரி 35, 40 என்று அடித்து விடுகிறார்கள். லேண்ட்மாஸ்டரில் சாமானின் பாரம் பெரும்பாலும் பெட்டிச் சில்லில்தான் இருக்கும், மெசின் சில்லுக்கு வருவது கொஞ்சம். ரோட்டுக்கு 20 பிஎஸ்ஐ பக்கம் போதும், வயலில் 12, 15. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற உச்ச அளவைத் தாண்டவே கூடாது. இதைத் திருத்தாமல் எந்த டயர் வாங்கினாலும் இரண்டு வருடத்தில் திரும்ப என்னைப் போல ஒருவனிடம்தான் வந்து நிற்பீர்.

மற்றது, டயரில் ஆர்-1, ஆர்-2 என்று அடித்திருக்கும், பாருங்கள். ஆர்-1 சாதாரண உழவு டயர். ஆர்-2 நெல்லுக்கும் கரும்புக்கும் என்று செய்தது, பல்லின் உயரம் ஆர்-1ஐப் போல இரண்டு மடங்கு வரும். உங்களுக்குக் காட்டிய உயரப் பல் அதாகத்தான் இருக்க வேண்டும். சேற்றில் அது ராசா. ஆனால் காபட் போட்ட தார் ரோட்டில் பல்லின் நுனி மட்டும்தான் தரையில் படும், ஒவ்வொரு பல்லும் ஆடி ஆடி, சூடாகி, றப்பர் உதிர்ந்துகொண்டே போகும். நீர் சொல்கிற ஓட்டத்துக்கு அது காசைக் கரைக்கிற வேலை. ஆர்-1 எடும். லோட் இருப்பதால் 4 பிளை (டயரின் பலத்தைக் காட்டுகிற அடுக்குக் கணக்கு) வேண்டாம், 6 பிளை கேளும். சேறடிக்க டயருக்குப் பதிலாகப் பூட்டுகிற இரும்புச் சில்லு இருக்கிறதுதானே?

வட்டைக்காரன்:

சில்லுக்கடைக் காக்கா (அண்ணன்), காற்று விஷயம் சரியாகப் பிடித்தீர்கள், நான் 40தான் அடிக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. இரும்புச் சில்லு இருக்கிறது, ஆனால் வீட்டிலிருந்து வட்டைக்கு (வயல்வெளிக்கு) மூன்று கிலோமீற்றர், பாதித் தூரம் தார் ரோடு. அதில் இரும்போடு போனால் ரோட்டையும் கிண்டி விடும், ஊராரும் விட மாட்டார்கள். பெட்டியில் போட்டுக்கொண்டு போய் அங்கே மாற்ற வேண்டும், ஒவ்வொரு நாளும் மாற்றிக் கழற்றப் பஞ்சி (சோம்பல்). அதனால்தான் பல் உயர்ந்த டயரோடு நேரே இறங்கி விடலாமா என்று யோசித்தேன். டயருக்குள் தண்ணீர் நிரப்பினால் பிடி வரும் என்றும் ஒருவர் சொன்னார்.

படுவான்கரைப் பொடியன்:

அண்ணே, தண்ணீர் நிரப்புவது புழுதி உழவுக்குச் சரி. காய்ந்த நிலத்தில் கலப்பை இழுக்கும்போது சில்லு வழுக்காமல் பாரம் கொடுக்கும். சேற்றில் அந்தப் பாரமே எதிரி, இன்னும் கீழே இறக்கி விடும். உங்கள் வக்கடைப் பக்கத்தில் தண்ணீர் நிரப்பின டயரோடு இறங்கியிருந்தால் எடுக்க நாலு பேர் போதாது.

நான் செய்தது வேறு. பழைய ரிம் ஒரு சோடி கிடைத்தது, அதில் பல் உயர்ந்த டயரைப் போட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசியில் அதை மாட்டினால் விதைப்பு முடியும் வரை கழற்றுவதில்லை, அந்தக் காலத்தில் ரோட்டு லோட் எடுப்பதும் இல்லை. தை, மாசிக்கு ரோட்டு டயர். வருடத்தில் இரண்டே தரம்தான் மாற்றம். வயல் சோடி வருடத்தில் ஒன்றரை மாதம்தான் உழைக்கிறது, தேய்வே இல்லை, வெயில் படாமல் சாக்கால் மூடி வைத்தால் சரி, வெயிலில் விட்டால் ஓரம் வெடித்து விடும்.

மாட்டும்போது கவனம், பின்னால் நின்று பார்த்தால் பல்லின் கூர் மேலே பார்க்க வேண்டும், கூரைமுகடு மாதிரி. மாறிப் பூட்டினால் சேறு வெளியே தள்ளுப்படாமல் பல்லுக்குள் அப்பி, கொஞ்ச நேரத்தில் டயர் பணியாரம் மாதிரி உருண்டையாகி விடும். அகலம் கூட்டுவதற்காகச் சில்லைத் திருப்பிப் போடுகிறவர்கள் இடது வலதையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கூர் தலைகீழ்.

மொட்டை டயரோடு மட்டும் மழையில் லோட் எடுக்காதீர்கள். போன வருடம் குளக்கட்டிலிருந்து நெல் மூட்டையோடு இறங்கினேன். பெட்டி பின்னால் தள்ளுகிறது, சில்லு ஈரத்தில் வழுக்குகிறது, பயத்தில் இடது கைப்பிடி கிளச்சைப் பிடித்தேன், மெசின் வலது பக்கம் வெட்டிக்கொண்டு போனது! சமதரையில் இடதைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் கிளச் பிடித்த பக்கத்துச் சில்லு எஞ்சினின் பிடியை விட்டு வேகமாக ஓடும், மற்றச் சில்லை எஞ்சின் இழுத்துப் பிடிக்கும், அதனால் எதிர்ப் பக்கம் போகும். தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் கை மறந்து விட்டது. மூன்று மூட்டை தண்ணீருக்குள். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பனிக்குள்ள ஒருத்தன் (ஒன்டாரியோ):

நான் களுவாஞ்சிக்குடி, இப்போது கனடா. இங்கே என்னிடம் ஒரு சின்னத் தோட்ட ட்ரக்டர், பின் டயர் 23x10.50-12. கோடையில் அதால் புல் வெட்டுவது, மாரியில் அதே மெசினின் முன்னால் தகடு பூட்டி வீட்டு வாசல் பனியைத் தள்ளுவது. வட்டைக்காரன் கேட்ட அதே கேள்வியோடு நானும் அலைந்தேன், அதனால் எழுதுகிறேன்.

உழவு டயர் போட்டால் பனியில் நல்லாய்க் கடிக்கும் என்று நினைத்துப் போட்டேன். புதுப் பனியில் பரவாயில்லை, ஆனால் இறுகிப்போன பனியிலும் ஐஸிலும் அந்தப் பெரிய பல் சும்மா வழுக்கும், ஐஸில் பிடிப்பதற்குச் சின்னச் சின்ன விளிம்புகள் நிறைய வேண்டும், இதில் அது இல்லை. கோடையில் இன்னும் மோசம், ஈரப் புல்லில் ஒரு வளைவு எடுத்தால் புற்றரை உழுத மாதிரி. கடைசியில் புற்றரைக்கு என்றே வருகிற பதிந்த பல் ஆர்-3 டயரையே திரும்பப் போட்டேன். கார்த்திகை பிறந்தால் அதற்கு மேலே சங்கிலி சுற்றி, பின்னால் பாரக்கட்டி தொங்க விடுவேன். இங்கேயும் டயருக்குள் நீர் நிரப்புகிறவர்கள் உண்டு, வெறும் தண்ணீர் உறைந்து விடும் என்று கார் கண்ணாடி கழுவுகிற திரவத்தை விடுவார்கள்.

சங்கிலி தார் வாசலைக் கீறும், அது வேறு தலையிடி. ஆனாலும் உங்கள் இரும்புச் சில்லும் என் சங்கிலியும் ஒரே வேலைதான் செய்கின்றன. டயரை ரோட்டுக்குப் பார்த்து எடுங்கள், சேற்றுக்குத் தேவையான பிடியை மேலதிகமாகப் பூட்டிக் கழற்றுங்கள்.

சில்லுக்கடை:

கனடாத் தம்பி சொன்னது சரி. ரிம் இரண்டு சோடி வைக்க வசதி இருந்தால் பொடியன் சொன்ன வழியும் நல்லது, ஆனால் பழைய ரிம் வாங்கும்போது நடு ஓட்டையும் போல்ட் ஓட்டையும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆட்டம் இருந்தால் அச்சையும் சேர்த்துத் தின்னும். புது டயரென்றாலும் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. கடையில் கிடந்து வயது போன டயரைப் புதுசு என்று தள்ளி விடுவார்கள், நானும் கடைக்காரன்தான், சொல்கிறேன்.

வட்டைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நாளைக்குப் போய் ஆர்-1, 6 பிளை ஒரு சோடி எடுக்கிறேன். இந்தப் போகத்துக்கு இரும்புச் சில்லை வட்டை வாடியிலேயே (காவல் குடிசையிலேயே) போட்டு வைக்கலாம், மச்சான் காவலுக்குப் படுக்கிறவன்தானே, சில்லை மாற்றுகிற வேலையையும் அவனுக்கே கொடுத்து விடலாம். 20க்கு மேல் காற்று இல்லை. பழைய டயர் இரண்டையும் கிணற்றடியில் போட்டிருக்கிறேன், யாருக்காவது தேவையா?

படுவான்கரைப் பொடியன்:

அண்ணே, கிணற்றடியில் போடாதீங்க, மழை தொடங்குது. டயருக்குள் தண்ணீர் நின்றால் டெங்கு என்று பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து வழக்கு எழுதி விடுவார். ஒன்றை எனக்குத் தாங்க, நடுவால் வெட்டி மாட்டுக்குத் தவிடு வைக்கலாம்.